உதைத்த காலுக்குப் பத்து எண்ணினேன்

என் புருஷனின் முதுகைக் கெடுத்தது நான்தான். எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் நேர்மாறாகச் சொல்வார்கள். "அந்த சிஸ்டர் புருஷனைக் கண்ணுக்குள்ள வச்சுல்லா பாத்தா" என்பார்கள். பார்த்தேன்தான். எட்டு மாதம் கட்டிலை விட்டு அசையவிடாமல் பார்த்தேன். இடுப்பு வலிக்காரனை ஒழித்துக்கட்ட அதைவிட வசதியான வழி கிடையாது. பதினெட்டு வருஷமாக டெல்லியில் நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கு அது தெரியும். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் அவருக்குத் தெரியாது.

முதலில் அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற புருஷன்மார் கையால் அடிப்பார்கள். இவர் அப்படி இல்லை. முகத்தில் தடம் விழுந்தால் டியூட்டிக்குப் போகிற இடத்தில் கேள்வி வரும், அந்த அளவுக்கு விவரமானவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு நாலாம் மாடி. சமையலறைத் தரையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவது என் பழக்கம். பின்னால் வந்து நிற்பார். காரணம் என்னவாகவும் இருக்கலாம். டியூட்டியில் இருந்தபோது போனை எடுக்கவில்லை, காய்கறிக்காரனை இந்தியில் "பையா", அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுச் சிரித்துப் பேசினேன், ரசத்தில் புளி தூக்கல். இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இடது பக்கம், எப்போதும் அதே இடத்தில் ஒரு உதை. குறி தப்பவே தப்பாது. அப்புறம் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து காலைக் கழுவிக்கொள்வார். என்னைத் தொட்ட காலாம். உதையைவிட அந்தத் தண்ணீர் சத்தம்தான் எனக்கு ஆத்திரம் மூட்டும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் தொடங்கியது. பதினோரு வருஷம் நடந்தது. பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதுவும் பார்த்திருக்கும்.

எனக்கு இடுப்பு வலி இருப்பது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. எங்கள் வார்டில் இடுப்பு வலி இல்லாத நர்ஸே கிடையாது. பேஷன்ட்டைத் தூக்குகிறோம், புரட்டுகிறோம், ஸ்ட்ரெச்சர் மாற்றுகிறோம். நானும் கூட்டத்தோடு கூட்டமாக "பேஷன்ட் தூக்கினதுதான்" என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வேன். பொய் சொல்ல இவ்வளவு சௌகரியமான தொழில் வேறு எங்கே இருக்கிறது?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் வாங்கி வந்திருந்தோம். நான் தரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் யாரோ ஒரு தம்பியிடம் நான் ரொம்ப நேரம் பேசியதாக அவர் பின்னால் நின்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வெங்காயம் உருண்டு ஓடியது. அதைப் பிடிக்க நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். உதை வந்தது, நான் அங்கே இல்லை. கால் வெறும் காற்றில் போய், மற்ற கால் வெங்காயத் தோலில் வழுக்கி, மனுஷன் பொத்தென்று விழுந்தார். "யெம்மா" என்று ஒரு அலறல். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். எனக்கு வந்தது சிரிப்பு. உரித்த வெங்காயத்தைக் கண்ணருகே கொண்டுபோய் அழுவதுபோல் சமாளித்தேன்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. தசைப்பிடிப்பு என்றார் டாக்டர். இரண்டு நாள் படுக்கலாம், பிறகு எழுந்து நடக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், படுத்தே கிடந்தால் வலி நிலைத்துவிடும் என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். ஒரு பயிற்சித் தாளும் கொடுத்தார். ஊசி போட்ட மயக்கத்தில் இவர் கண் செருகிக் கிடந்தார். திரும்பி வரும்போது டாக்ஸியில் கேட்டார்.

"டாக்டர் என்னட்டி சொன்னாவ?"

"முழு ரெஸ்ட். அசையவே கூடாதுன்னாவ."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலேயே தயாராக இருந்தது. பயிற்சித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் சபை முழுவதும் மெச்சும் மனைவி ஆனேன். கட்டிலில் பலகை போட்டேன். பெல்ட் வாங்கினேன். வெந்நீர்ப் பை வைத்தேன். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். எழுந்து உட்கார முயன்றால் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"குனியாதீங்க, டிஸ்க் நழுவிரும்."

"நழுவுனா?"

"கால் விழுந்துரும். பெறவு தூக்கவே முடியாது."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது காலை அவர் பார்த்தார். பெருவிரலை மெல்ல ஆட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் தெரிந்த பயத்தை நான் நின்று நிதானமாக ரசித்தேன். பதினோரு வருஷத்தில் அவர் கொடுத்ததையெல்லாம் சேர்த்து ஒரே அடியாகத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. என்னைக் கெட்டவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வாரம்தான் பல வருஷங்களுக்குப் பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நிம்மதியாகக் காய் நறுக்கினேன்.

பார்க்க வந்தவர்கள் நேந்திரம் சிப்ஸும் முறுக்கும் கொண்டுவந்தார்கள். ஜெபம் செய்தார்கள். "ரெஸ்ட்தான் மருந்து" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். என் வேலையில் பாதியை அவர்களே செய்தார்கள். இடுப்பு வலி என்றால் படுக்க வேண்டும் என்று நினைக்காத தமிழர் ஒருவர்கூட டெல்லியில் இல்லை போலிருக்கிறது.

வலி நிலைத்தது. மாதத்தில் ஓரிரு நாள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஆபீஸ் போவார். மற்ற நாள் மெடிக்கல் லீவு, கட்டில். அவர் குணம் மட்டும் படுக்கவில்லை. காலால் உதைக்க முடியாமல் போனதும் கைக்கு எட்டியதையெல்லாம் எறிய ஆரம்பித்தார். சார்ஜர், வெந்நீர்ப் பை, எவர்சில்வர் டம்ளர். டம்ளர் என் புருவத்தில் பட்டு மூன்று தையல். ஆஸ்பத்திரியில் அலமாரிக் கதவு என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கஞ்சியில் உப்பே போடாமல் ஊட்டினேன். அவர் துப்பினார். நான் மறுபடி ஊட்டினேன். எங்கள் குடும்ப வாழ்க்கை இந்த ரீதியில் நவம்பர் வரை ஓடியது.

நவம்பரில் ஒரு காலை, வெளியே புகைமூட்டத்தில் எதிர் பிளாக்கூடத் தெரியவில்லை. குளியலறையில் சரிந்து விழுந்துவிட்டார். தூக்குவதற்காகத் தொடையின் கீழே கை கொடுத்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. தசை இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ தொங்கியது. வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் எண்பது வயதுக் கிழவர்களை நான் இப்படித் தூக்கியிருக்கிறேன். இவருக்கு நாற்பத்தாறு.

"எனக்கு நடமாட்டமே நின்னுருமாட்டி?" என்று கேட்டு அழுதார்.

பரிதாபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு பேஷன்ட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்த நர்ஸை நான் வேறு வார்டில் கண்டிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

மறுநாள் நானே அவரை எங்கள் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப்போனேன். ஹரியானாக்காரப் பெண், முப்பது வயதிருக்கும், யாரிடமும் இனிக்கப் பேசத் தெரியாதவள். காலைத் தூக்கிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், இவ்வளவு நாள் படுக்கச் சொன்னது யார் என்று இந்தியில் கேட்டாள். "மேரி வைஃப் நர்ஸ் ஹை," என் மனைவி நர்ஸ் என்று இவர் பெருமையாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அவருக்கு ஒத்தடம் வைத்துத் திரையை இழுத்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"சிஸ்டர், ஆப்கோ தோ பதா தா." உங்களுக்குத் தெரியுமே என்றாள்.

நான் திரும்பி நின்று யூனிஃபார்ம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். எட்டு மாதமாக உதை இல்லாவிட்டாலும் அந்த இடம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். நான் துள்ளினேன். போலீஸுக்குப் போகலாமே என்றாள். போனால் நான் செய்ததையும் சொல்ல வேண்டுமே என்றேன்.

"ஆறு வாரத்தில் அவரை நடக்க வைத்துவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அதை இன்றைக்கே பாருங்கள். அப்புறம், அவர் செய்கிற பயிற்சி எல்லாவற்றையும் நீங்களும் செய்யுங்கள். உங்கள் முதுகு அவர் முதுகைவிட மோசம்."

அன்றே மேட்ரனிடம் போய் நர்ஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் கேட்டேன். அயர்லாந்துக்குப் போகிற ஒரு கேரளாக்காரியின் கட்டில் கிறிஸ்மஸ் முடிந்ததும் காலியாகும் என்றார். சரியாக ஆறு வாரம். அன்றே கிளம்பியிருக்கலாம், யார் வீட்டிலாவது தங்கியிருக்கலாம். ஆனால் எழுந்து நிற்க முடியாத ஒருவரை விட்டுப் போக என்னால் முடியவில்லை. நான் கெடுத்ததை நான் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும். அதற்குள் அவர் கால் எனக்கு முந்திக்கொள்ளக் கூடாது. என் கவலை முழுவதும் அதுவாக இருந்தது.

எனக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் டியூட்டி. தினமும் காலையில் ஹாலில் இரண்டு பாய் விரிப்பேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, கீழ் முதுகைத் தரையோடு அழுத்துவதுதான் முதல் பயிற்சி. குழந்தைகூடச் செய்யும். இவர் வியர்த்துக் கொட்டினார்.

"நழுவிரும்ட்டி! வேண்டாம்!"

"நழுவாது. அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு."

"நீதான நழுவிரும்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். மூணு, நாலு."

அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் விதைத்த பயத்தை நானே பிடுங்க வேண்டியிருந்தது. வலித்தாலும் ஒன்றும் உடையாது என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் பொய் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

இரண்டாம் வாரம் இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற பயிற்சி வந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து, பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கியிருக்கிறோம். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் ஒற்றுமையான தம்பதி என்று போட்டோ எடுத்திருப்பார்கள். ஆறு எண்ணும்போது அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அன்னைக்கு டாக்டர் நெசமாவே என்ன சொன்னாவ?"

"ரெண்டு நாள் படுத்துட்டு எந்திரிச்சு நடக்கச் சொன்னாவ. ஏழு, எட்டு, ஒம்பது, பத்து. எறக்குங்க."

இறக்கினார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு கையை நீட்டி என் பின்னலைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினார். இரண்டு தடவை. மூன்றாவதுக்கு ஓங்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது, கை தளர்ந்தது. என் காதில் ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. நான் உருண்டு எட்டப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நான் எந்திரிக்கேம்ட்டி," என்றார், மூச்சு வாங்க. "எந்திரிச்சதும் ஒனக்கு இருக்கு. இதே காலாலதான்."

மறுநாள் காலை தலை வீங்கியிருந்தது. பாயை விரித்தேன், இந்தத் தடவை கைக்கு எட்டாத தூரத்தில். அவர் நான் கூப்பிடாமலே வந்து படுத்தார்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சி செய்த ஒழுங்கை நான் எந்த பேஷன்ட்டிடமும் பார்த்ததில்லை. பத்து எண்ணினால் "பதினஞ்சு எண்ணு" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். பார்வை என் மேலேயே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் அவரைத் தட்டிக்கொடுத்து, இவ்வளவு ஆர்வமுள்ள பேஷன்ட் கிடைப்பது அபூர்வம் என்றாள். எதில் ஆர்வம் என்று எனக்கல்லவா தெரியும்! தினமும் சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் ஒரு புடவையோ இரண்டு ரவிக்கையோ வைத்து ஆஸ்பத்திரி லாக்கருக்குக் கடத்திக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட்டுகளும் பைபிளும் போய்விட்டன. அலமாரியில் முன்வரிசையை மட்டும் கலையாமல் அடுக்கி வைத்தேன்.

நாலாம் வாரம் நாலு காலில் நிற்க வேண்டும். வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். நீட்டியவுடன் அவர் ஒரு பக்கம் கவிழ்ந்தார், அவரைப் பார்த்த நானும் மறுபக்கம் கவிழ்ந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் உதடு கோணிக்கொண்டு வந்தது. பெண் பார்க்க வந்தபோது இருந்த சிரிப்பு அது. ஒரு நிமிஷம்தான். பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது, முகம் இறுகியது. நானும் எழுந்து மறுபடி எண்ணினேன்.

கிறிஸ்மஸ் வாரத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு எங்கள் சபையின் பாட்டுப் பவனிக்காரர்கள் வந்தபோது அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். ஒரே கைதட்டல். "சிஸ்டரோட பொறுமைக்குக் கர்த்தர் பலன் கொடுத்திட்டாரு" என்றார் ஒரு பெரியவர். அவர்கள் கேக் தின்றுகொண்டிருக்கும்போது இவர் என் காதருகே குனிந்து, "இன்னும் கொஞ்ச நாளுதான்" என்றார். குனிந்தபோது அவருக்கு வலிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

கடைசி வாரப் பயிற்சி நின்றபடி செய்வது. ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைப் பின்னால் கொண்டுபோய், மெதுவாக முன்னே வீசி, நீட்டிய நிலையில் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டியபோது நான் ஓரடி தள்ளி நின்றேன். பின்னாலிருந்து அது எப்படி வரும் என்பது என் முதுகுக்கு மனப்பாடம். முன்னால் நின்று இப்போதுதான் பார்க்கிறேன். ஆரம்பத்தில் கால் ஆடும், ஒருவர் கணுக்காலைத் தாங்க வேண்டும் என்றாள். தாங்கினேன். என்னை உதைத்த குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது. வெடிப்பு விழுந்த, கனமான, வெதுவெதுப்பான குதிகால். பத்து எண்ணினேன். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் லேசானது.

ஹாஸ்டல் கட்டில் காலியான அன்று வெள்ளிக்கிழமை. கையில் ஒரு சின்னப் பைதான் மிச்சம். சமையலறை மேடையைப் பிடிக்காமல், என் கை இல்லாமல், அவர் காலை வீசி நிறுத்தினார். ஆடவில்லை. பத்து எண்ணி முடித்தேன்.

"இனி நான் எண்ண வேண்டாம். ஒங்களுக்கு நல்லாயிட்டு. நான் ஹாஸ்டலுக்குப் போறேன். வரமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான் காய் நறுக்குகிற இடத்தை விரலால் காட்டினார்.

"உக்காரு."

நான் நின்றேன்.

"உக்காந்து வாங்கிட்டுப் போட்டி."

நான் உட்காரவில்லை. முதுகையும் காட்டவில்லை. கால் பின்னால் போனது, வந்தது. முழு பலத்தோடு வந்தது. பத்து மாதமாகச் சேர்த்து வைத்த உதை. இடது தொடையில் விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. முழங்கால் மடங்கியது. ஆனால் இடுப்பு பிடித்து நிறுத்தியது. ஒரு அடி பின்வாங்கி நின்றேன். நான் விழவில்லை. நீட்டிய காலோடு ஒற்றைக் காலில் நின்ற அவரும் விழவில்லை.

மெதுவாகக் காலைக் கீழே வைத்தார். கையை இடுப்பில் வைத்துத் தடவிப் பார்த்தார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது. இந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ள உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதுபோல என்னிடமே சொன்னார்.

"ஏட்டி, வலிக்கலட்டி. கொஞ்சங்கூட வலிக்கல, பாரு."

தொடை எரிந்தது. என் கை தானாக முதுகுக்குப் போனது, பதினோரு வருஷத்து இடத்துக்கு. அழுத்திப் பார்த்தேன்.

"எனக்கும் முதுகு வலிக்கல," என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போது உள்ளே குளியலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. காலைக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் இருந்தது, ஆனால் படியிலேயே நாலு மாடியும் இறங்கினேன். இரண்டு மணிக்கு டியூட்டி.